செம்பு தின்ற நீர்நாய்

ஒரு காட்டில் ஒரு கப்பல் இருந்தது. சிரிக்காதீர்கள், குழந்தைகளே. அது கடலோரக் காடு. மரங்களெல்லாம் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு உப்புத் தண்ணீரில் நிற்கும். மனிதர்கள் எப்போதோ அந்தச் சேற்றில் விட்டுப்போன சின்னக் கப்பல் ஒன்றை விலங்குகள் இழுத்து நிமிர்த்தி, ஓட்டையை அடைத்து, ஓட வைத்திருந்தன.

அந்தக் காட்டில் இலை உண்டு, நண்டு உண்டு, கொசு வேண்டிய மட்டும் உண்டு. புல் மட்டும் கிடையாது. புல் இருந்ததெல்லாம் கடலுக்கு நடுவே ஒரு தீவில். ஆடுகள் காலையில் கப்பலேறித் தீவுக்குப் போகும். வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வெயில் தாழத் திரும்பி வரும். கப்பல் ஓடாத நாளில் ஆடுகளுக்குப் பட்டினி.

கப்பலுக்குத் தலைவர் வான்கோழி. அதற்குக் கடல் தெரியாது, திசை தெரியாது. ஆனால் மனிதர்கள் விட்டுப்போன தலைவர் சட்டை ஒன்று கப்பலில் கிடந்தது. அது வான்கோழியின் மார்புக்குக் கச்சிதமாக இருந்தது. சட்டை வீணாகக் கூடாது என்று வான்கோழியைத் தலைவராக்கிவிட்டன. சட்டைக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் அந்தக் காட்டோடு நின்றுவிடவில்லை. அதை இப்போது பேச வேண்டாம்.

கீழே எஞ்சின் அறையில் இருந்தது நீர்நாய். நல்ல உழைப்பாளி. கொஞ்சம் ரோஷமும் உண்டு.

எஞ்சின் ஓடினால் சூடாகும். சூடு ஏறினால் நின்றுவிடும். அதனால் கப்பலின் அடியில் ஒரு வாய் வைத்திருந்தார்கள். அந்த வாய் கடல் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் குழாய் வழியாக எஞ்சினைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் தடதடவென்று வெளியே கொட்டும். வாய்க்கு அருகில் ஒரு சல்லடைப் பெட்டி. இலை தழை, மீன்குஞ்சு எல்லாம் அதில் நின்றுவிடும்.

சல்லடையில் நிற்காத ஒன்று உண்டு. கொட்டலசைப் பார்த்திருக்கிறீர்களா? கடற்பாறையில் ஏறினால் உள்ளங்காலைக் கீறுமே, சுண்ணாம்பில் செய்த குட்டிக் கூம்பு போலக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே, அதுதான். குஞ்சாக இருக்கும்போது அது தூசி மாதிரி தண்ணீரில் மிதந்து வரும். பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, சாகிறவரை நகராது. சுற்றிலும் ஓடு கட்டிக்கொண்டு, காலை வெளியே நீட்டி, தண்ணீரில் வருகிற இரையைக் காலாலேயே வாரித் தின்னும். தலைகீழாக நின்று காலால் சாப்பிடுகிற அப்படிப்பட்ட பிராணிக்குக் கப்பல் குழாயை விட நல்ல வீடு கிடைக்குமா? வெயில் இல்லை, காக்கை இல்லை. சாப்பாடு தானாக ஓடி வரும்.

அதனால் நீர்நாய் சல்லடைப் பெட்டிக்குள் ஒரு செம்புக் கட்டியைத் தொங்கவிட்டிருந்தது. பேட்டரியிலிருந்து அதற்கு ஒரு கம்பி. மின்சாரம் பட்டுப் பட்டு, செம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து குழாய் முழுக்கப் போகும். மீனுக்குக்கூட உறைக்காத அளவுதான். ஆனால் தலையை ஒட்ட வருகிற கொட்டலசுக் குஞ்சுக்கு அந்த இடம் கசக்கும். "சீ, இதெல்லாம் ஒரு வீடா" என்று தண்ணீரோடு தண்ணீராக வெளியே போய்விடும்.

மூன்று வருடம் இப்படிக் கப்பல் ஓடியது. குழாயில் ஒரு கொட்டலசு இல்லை. நீர்நாய்க்குக் கேடு வந்ததே அதனால்தான்.

ஒரு நாள் வான்கோழி எஞ்சின் அறையைப் பார்வையிட இறங்கியது. மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. பின்னாலேயே உதவித் தலைவர் ஓணானும் வந்தது. ஓணானின் வேலை தலையாட்டுவது. யார் எதைச் சொன்னாலும் ஆட்டும்.

"இங்கே தொங்குகிறதே, இது என்ன?" என்று கேட்டது வான்கோழி.

"செம்பு, தலைவரே."

"நான் பதவிக்கு வந்த புதிதில் எருமைக் கொம்பு பருமன் இருந்தது என்று கேள்வி. இப்போது ஆட்டுக் கொம்பு பருமன்தான் இருக்கிறது. மிச்சம் எங்கே?"

"கரைந்துவிட்டது."

"கரைவதற்குச் செம்பு என்ன கருப்பட்டியா?"

ஓணான் தலையாட்டியது.

"கரையட்டும் என்றுதான் தொங்கவிட்டிருக்கிறேன், தலைவரே. அது கரைந்தால்தான் குழாய்க்குள் கொட்டலசு ஒட்டாது."

"குழாயைத் திற. பார்க்கிறேன்."

நீர்நாய் சந்தோஷமாகத் திறந்தது. மூன்று வருடமாக அதன் வேலையை யாரும் வந்து பார்த்ததில்லை. வான்கோழி வலது கண்ணை வைத்துப் பார்த்தது. பிறகு இடது கண்ணை வைத்துப் பார்த்தது. குழாய் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"ஒரு கொட்டலசையும் காணோமே."

"ஆமாம், தலைவரே."

"போன வருடம் வந்ததா?"

"இல்லை."

"அதற்கு முந்தின வருடம்?"

"ஒன்றுகூட வரவில்லை," என்றது நீர்நாய், பெருமையாக.

"ஆக, வராத கொட்டலசை விரட்டுவதற்காக, இருந்த செம்பைக் காணாமல் போக்கியிருக்கிறாய்."

"செம்பு இருந்ததால்தான் தலைவரே அது வரவில்லை."

"நானும் மூன்று வருடமாகத்தான் இந்தக் கப்பலில் இருக்கிறேன். இதுவரை ஒரு யானை இதில் ஏறவில்லை. என்னைப் பார்த்துப் பயந்துதான் ஏறவில்லை என்று நான் சொல்லிக்கொண்டா திரிகிறேன்?"

ஓணான் தலையாட்டியது.

"இதற்கு ஆட்டாதே," என்றது வான்கோழி. பிறகு நீர்நாயைச் சுற்றி ஒரு நடை நடந்து அதன் முதுகை உற்றுப் பார்த்தது. "உன் மயிர் ஏன் இப்படிச் செம்பு நிறத்தில் மினுங்குகிறது?"

"பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான்."

"தின்றது முதுகில் தெரிகிறது. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?"

மறுநாள் காலை கப்பல்துறையில் விசாரணை நடந்தது. ஆடுகளெல்லாம் கப்பலேற வந்த இடத்தில் நின்று கேட்டன. அவற்றில் தாடி வைத்த ஒரு வெள்ளாடு இருந்தது. அதற்கு வாய் அதிகம்.

"நீர்நாய் மூன்று வருடமாக எங்களை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. அது சொல்வது நிஜமா என்று அந்தக் கொட்டலசையே கேட்டுவிட்டால் என்ன?" என்றது வெள்ளாடு.

கப்பல்துறைக் கம்பத்தில் ஒரு கிழட்டுக் கொட்டலசு ஒட்டியிருந்தது. தண்ணீர் வற்றிய நேரம், ஓட்டின் கதவைச் சாத்தியிருந்தது. வான்கோழி அலகால் தட்டியது.

"யாரது?"

"கப்பல் தலைவர்."

"மன்னிக்க வேண்டும், எழுந்து வர முடியாது. தலை ஒட்டியிருக்கிறது. என்ன விஷயம்?"

"நீங்கள் எங்கள் கப்பல் குழாய்க்குள் வந்து குடியிருக்கப் பார்ப்பதாக நீர்நாய் சொல்கிறது."

"நானா?" என்றது கொட்டலசு. "ஐயா, இந்தக் கம்பத்தில் தலையை வைத்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு விரற்கடை நகர்ந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி செத்ததற்குக்கூட நான் துக்கம் கேட்கப் போகவில்லை. உங்கள் கப்பலுக்கா வரப்போகிறேன்? சரி, வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்தச் சல்லடையின் ஓட்டை எவ்வளவு பெரிது?"

"மிளகு நுழையும்," என்றது நீர்நாய்.

"என்னைப் பாருங்கள். நான் மிளகு மாதிரியா இருக்கிறேன்?"

ஆடுகள் சிரித்தன. கொட்டலசு சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ரொம்பக் கெட்டிக்காரர்கள் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டார்கள்.

"இது வராது. இதன் குஞ்சுகள் வரும்," என்றது நீர்நாய். "தூசியை விடச் சின்னது. கண்ணால் பார்க்க முடியாது."

"பெற்றவள் எதிரிலேயே பிள்ளைகளைப் பழிக்கிறதைப் பாருங்கள்," என்றது கொட்டலசு. "அவற்றை ஒரு தடவை காட்டட்டும். நான் ஒத்துக்கொள்கிறேன்."

வான்கோழி மார்பை உப்பிக்கொண்டது. "கரைந்த செம்பு கண்ணுக்குத் தெரியாது. வருகிற குஞ்சும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது இதன் முதுகு ஒன்றுதான். ஓணானே, எழுது."

ஓணான் ஓர் அட்டையில் எழுதி ஏணியில் கட்டியது: "செம்புத் திருடன் நீர்நாய் இந்தக் கப்பலில் ஏறக் கூடாது."

நீர்நாய் அதைப் படித்தது. "வேலை போனால் போகட்டும், தலைவரே. நான் நண்டு பிடித்துப் பிழைத்துக்கொள்வேன். திருடன் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்."

"அந்த ஒரு சொல்தான் ஓணானுக்கு அழகாக எழுத வந்திருக்கிறது," என்றது வான்கோழி.

செம்புக் கட்டியைக் கழற்றித் தலைவர் அறையின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எஞ்சின் அறைக்கு ஓணான் போனது. அதற்கு எஞ்சின் தெரியுமா என்று வெள்ளாடு கேட்டது. ஓணான் தலையாட்டியது. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

நீர்நாய் கப்பல் போகிற வழியில் ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டது. காலையில் கப்பல் போகும்போது அதற்கு முதுகைக் காட்டும். மாலையில் திரும்பும்போது ஒரு தடவை காட்டும். மழை பெய்த நாளில்கூட இதைத் தவறவிட்டதில்லை.

இந்தப் பக்கம் குழாய்க்குள் என்ன நடந்தது தெரியுமா? ஒரு தூசி மிதந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தது.

"கசக்கவில்லை," என்றது.

"அம்மா சொன்ன இடம் இதுதான்," என்றது இன்னொரு தூசி. "வளைவுக்கு வா. அங்கேதான் தண்ணீர் மெதுவாகப் போகும். தலை நன்றாக ஒட்டும்."

ஒரு வாரத்தில் வளைவு நிறைந்தது. ஒரு மாதத்தில் தெரு நிறைந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கொள்ளேன்."

"எங்கே தள்ளுவது? தலை ஒட்டிவிட்டது."

"அப்படியென்றால் உன் மேலேயே வீடு கட்டுகிறேன்."

"கட்டிக்கொள். சாப்பாட்டை மறைக்காதே, அதுதான் எனக்கு வேண்டியது."

கொட்டலசின் மேல் கொட்டலசு ஏறியது. அந்த இடுக்கில் மட்டிச் சிப்பி வந்து தொற்றியது. மட்டியின் மேல் பாசி படர்ந்தது. கை நுழைகிற குழாய் விரல் நுழைகிற குழாயாகிவிட்டது.

வெள்ளாடு ஒரு நாள் கப்பலின் பக்கவாட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "தலைவரே, முன்பெல்லாம் இங்கே தண்ணீர் தடதடவென்று கொட்டும். இப்போது ஆட்டுக்குட்டி மூத்திரம் மாதிரி வருகிறது."

"கப்பல் சிக்கனமாக ஓடப் பழகிவிட்டது," என்றது வான்கோழி. இருந்தாலும் எஞ்சின் அறைப் பக்கம் குனிந்து, "ஓணானே, கீழே எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டது.

கீழே சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓணான் இருட்டில் தலையாட்டியது. மேலே யாருக்கும் தெரியவில்லை.

"பதில் இல்லை. சரியில்லாமல் இருந்தால் சொல்லியிருக்கும்," என்றது வான்கோழி.

நான்காம் மாதம் ஒரு சாயங்காலம், தீவிலிருந்து திரும்பும் வழியில், எஞ்சின் இரண்டு தடவை இருமியது. கரும்புகை கக்கியது. நின்றது.

தண்ணீர் வற்றுகிற நேரம். வற்றுகிற தண்ணீர் கப்பலைக் காட்டுப் பக்கம் விடாமல், அலை அடித்து நுரைக்கிற பாறைப் பக்கம் இழுத்தது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள். அடியில் வழுக்குப் பாறை, பிடிக்கவில்லை. நாற்பது ஆடுகளில் ஒன்றுக்கும் நீச்சல் தெரியாது.

ஓணான் புகையோடு மேலே வந்தது. சூட்டில் அதன் கழுத்தெல்லாம் சிவந்து போயிருந்தது.

"எஞ்சின் சூடாகிவிட்டதா?" என்று கேட்டது வான்கோழி.

ஓணான் தலையாட்டியது.

"சூடாகவில்லையா?"

அதற்கும் ஆட்டியது.

எஞ்சின் சத்தம் நடுவழியில் நின்றதை நீர்நாய் கேட்டது. முதுகைக் காட்டுவதற்காகத் தயாராக உட்கார்ந்திருந்தது. கப்பல் வராமல் யாருக்கு முதுகைக் காட்டுவது? திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் தண்ணீரில் குதித்து நீந்தியது. ஆனால் கப்பலுக்குப் பத்து முழம் தள்ளி நின்றுவிட்டது. மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்தது.

"ஏறி வா, நீர்நாயே. பாறை வருகிறது," என்றது வெள்ளாடு.

"ஏறக் கூடாது. ஏணியில் எழுதியிருக்கிறது. படித்துப் பார்."

வெள்ளாடு போய்ப் படித்தது. படித்துவிட்டு அட்டையைத் தின்றது. "இப்போது ஒன்றும் எழுதியிருக்கவில்லை," என்றது.

"அட்டைதான் உன் வயிற்றில் இருக்கிறது. சொல் வெளியில்தான் இருக்கிறது. சொன்னவர் எடுக்கட்டும்."

எல்லா ஆடுகளும் வான்கோழியைப் பார்த்தன. வான்கோழி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நடந்தது நடந்துவிட்டது," என்றது.

"என்ன நடந்தது?" என்று கேட்டது நீர்நாய்.

"ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

"யாரால்?"

"பொதுவாக நேர்ந்துவிட்டது."

"அப்படியென்றால் பொதுவாகப் போய்ப் பாறையில் மோதுங்கள்."

நுரை கப்பலின் மேல் தெறித்தது. ஆடுகள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கொம்புகளை முன்னால் நீட்டிக்கொண்டு வான்கோழியை நெருங்கி நின்றன, அவ்வளவுதான்.

"நீர்நாய் திருடன் அல்ல," என்று வான்கோழி முணுமுணுத்தது. "தெரியாமல் சொன்னது நான்தான்."

நீர்நாய் ஒரே பாய்ச்சலில் ஏறியது. கீழே இறங்கி அடிவாயின் வால்வை மூடியது. குழாயைக் கழற்றியது. வான்கோழி பின்னாலேயே வந்து கண்ணை வைத்துப் பார்த்தது. அந்தப் பக்கத்து வெளிச்சமே தெரியவில்லை. ஓடு, ஓட்டின் மேல் ஓடு, அதன் மேல் பாசி.

"இத்தனை பேர் எப்போது வந்தீர்கள்?" என்றது வான்கோழி.

"நான்கு மாதம் ஆகிறது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "நாங்கள் கம்பத்து அம்மாவின் பிள்ளைகள். கொஞ்சம் மூடுகிறீர்களா? காற்று படுகிறது."

"சுரண்டுங்கள்," என்றது நீர்நாய்.

ஆட்டுக் கொம்பு குழாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஆடுகள் வரிசையில் வந்து கொம்பை விட்டுத் திருகின. வளைவுகளில் கொம்பு போகவில்லை, கழுத்து நீண்ட ஆள் வேண்டியிருந்தது. வான்கோழி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அலகால் கொத்தியது. ஓடு உதிர்ந்து வாளி வாளியாக மேலே போனது. ஓணான் வாளியைத் தூக்கியது. அன்றைக்குத்தான் அது உருப்படியாக ஒரு வேலை செய்தது.

நீர்நாய் குழாயைப் பூட்டி வால்வைத் திறந்தது. பக்கவாட்டில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. எஞ்சின் ஆறியதும் இருமியது, முனகியது, ஓடியது. பாறை ஏணிக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கப்பல் மெல்ல விலகிப் பாறை இல்லாத தண்ணீருக்கு வந்தது.

வந்ததும் நின்றது.

"மறுபடியும் என்ன?" என்று மேலிருந்து கேட்டது வான்கோழி. சட்டையை மாட்டிக்கொண்டிருந்தது.

"பேட்டரிக் கம்பி சும்மா தொங்குகிறது. அலமாரிச் சாவி வேண்டும்," என்றது நீர்நாய்.

சாவி கீழே போனது. செம்புக் கட்டி சல்லடைப் பெட்டிக்குப் போனது. கப்பல் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"நீங்கள் சொன்னது பின்பக்கம் நின்ற ஆடுகளுக்குக் கேட்கவில்லையாம்."

வான்கோழி பல்லிருந்தால் கடித்திருக்கும். மேல்தளத்தில் ஏறி நின்று, எல்லா ஆட்டுக்கும் கேட்கும்படி, "நீர்நாய் திருடன் அல்ல. தெரியாமல் சொன்னது நான்தான்," என்றது.

ஆடுகள் தலையாட்டின. கப்பல் அசையவில்லை.

"போகலாமா?"

"இன்னொரு தடவை," என்றது கீழேயிருந்து நீர்நாய்.

"இரண்டு தடவை சொல்லியாகிவிட்டதே. மூன்றாவது எதற்கு?"

"முதல் தடவை பாறைக்குப் பயந்து சொன்னீர்கள். இரண்டாவது தடவை ஆடுகளுக்காகச் சொன்னீர்கள். எனக்கென்று இன்னும் சொல்லவில்லை."

வான்கோழி படியிறங்கி எஞ்சின் அறை வாசலுக்கு வந்து, நீர்நாயின் முகத்தைப் பார்த்து, மூன்றாவது தடவையும் சொன்னது.

கப்பல் கிளம்பியது.

நீதி: ஒரு கேடு வரவில்லை என்றால், அதை வரவிடாமல் யாரோ தடுத்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் வரவில்லையே என்று அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள்.